பலகையைக் கழற்றுவது யார் வேலை?

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். ஏழு வருடமாக மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். சுகாதார நிர்வாகத்தில் மேற்படிப்பு படிக்க ஆசை. அமெரிக்காவில் எம்.எச்.ஏ. என்கிற இரண்டு வருடச் சுகாதார நிர்வாகப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் சோ சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளியில் எம்.பி.எச். என்கிற பொதுச் சுகாதார மேற்படிப்புக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். என் கணவர், எம்.பி.ஏ. செய்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். எதற்கு மதிப்பு அதிகம்? தரவரிசையை நம்பலாமா? சம்பளம் எதில் கூடும்? வெறும் தாதியாகவே காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் காகிதங்கள் ஒரு என்டியுசி கடைப் பைக்குள் கிடைத்தன. இரண்டு நாளாக அதே நினைப்பு. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். இல்லாவிட்டால் இதற்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சம்பளக் கணக்கை உங்கள் கணவரே போட்டுவிடுவார். தரவரிசை பத்திரிகை விற்கிறவர்களின் பிழைப்பு, விடுங்கள். ஆனால் அந்த 'வெறும்' இருக்கிறதே, அதை விட முடியாது.

2008. அம்மாவைக் கட்டணம் குறைந்த சி கிளாஸ் வார்டில் சேர்த்திருந்தோம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். மறுநாள் வயிற்று ஸ்கேன், அதனால் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. ஸ்கேன் நாளன்று அலுவலகத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. "ஏண்டா தம்பி, இன்னைக்குப் புதன்கிழமைதானே? எனக்கு எதுக்கு விரதம்?" என்றார். தலைக்கு மேலே கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பலகை தொங்கியது. அதில் என், பி, எம் என்று மூன்று ஆங்கில எழுத்து. வாய்வழி எதுவும் கூடாது என்று பொருள். தமிழ் மட்டும் தெரிந்த சர்க்கரைக்காரக் கிழவி, பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் சாப்பாட்டுத் தட்டு வந்து போவதைப் பார்த்துக்கொண்டு, தன்னை யாரோ விரதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிப் படுத்திருந்தார்.

விசாரித்தால், ஸ்கேனைக் காலை பதினொரு மணிக்கே மறுநாளைக்கு மாற்றிவிட்டார்கள். அது கணினியில் பதிவாகியிருந்தது. தட்டு கொண்டுவந்தவர் பலகையைப் பார்த்தார், தள்ளுவண்டியை அடுத்த கட்டிலுக்கு உருட்டினார். அவருக்கு அதுதான் உத்தரவு. டாக்டர் அறுவை அறையில் இருந்தார். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. ஒப்படைத்தவர் ஸ்கேன் பாக்கி என்று சொல்லிப் போனார், வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டார். யாரைப் பிடித்துத் திட்டுவது? நானும் கத்தத்தான் செய்தேன். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்கள். பலகையைக் கழற்றுவது மட்டும் யார் வேலையிலும் இல்லை.

மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினம் பாலம் தாண்டி வேலைக்கு வரும் ஒரு தமிழ்த் தாதி. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. போய் இரண்டு இடத்துக்கு போன் அடித்தார். திரும்பி வந்து பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆன்ட்டி, சுகர் பாத்துட்டு முதல்ல மைலோ குடிங்க, சீனி போடல" என்றார். விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, மைலோவும் இரண்டு கிரீம் கிராக்கரும் எடுத்துவந்தார். நீங்கள் பயப்படுகிற 'வெறும் தாதி' அவர்தான்.

உங்களுக்குக் கோபம் வரலாம், வரட்டும். ஏழு வருடம் வார்டில் நின்றவருக்கு எந்த இடத்தில் தகவல் செத்துப்போகிறது என்று தெரியும். அதைத்தான் நிர்வாகப் படிப்பு என்று பெயர் வைத்துப் பல்கலைக்கழகங்கள் விற்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்று பட்ட மேற்படிப்பைத் தொடங்கியது 1934இல். தொண்ணூறு வருடத்துச் சரக்கு, மட்டமானதென்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊரைப் பாருங்கள். சுகாதார அமைச்சராக இருந்த கோ பூன் வான் படித்தது பொறியியல். அரசியலுக்கு வருமுன்னே மூன்று மருத்துவமனைகளை நடத்தியவர். உங்கள் ஈசூனில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையைக் கட்டி நடத்திய லியாக் டெங் லிட் மருந்தாளராகத் தொடங்கியவர். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்து யாரும் அவர்களிடம் சாவியைக் கொடுக்கவில்லை. என், பி, எம்மும் எழுத்துதானே.

கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்று நினைப்பீர்கள். சரி, வருகிறேன்.

அமெரிக்க எம்.எச்.ஏ.வில் அந்த ஊர்ப் பணம் ஓடுகிற வழியே ஒரு பெரிய பாடம். 1965இல் வந்த மெடிகேர் என்கிற முதியோருக்கான அரசுக் காப்புறுதி, 1983 முதல் நோய்வகைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குக் கட்டும் முறை, தனியார் காப்புறுதிக்காரரோடு மல்லுக்கட்டு. அங்கேயே வேலை பார்க்கப்போகிறீர்களென்றால் அது சோறு போடும். படிப்பு முடிந்ததும் மருத்துவமனைத் தலைமையின் கீழ் ஒரு வருடம் பயிற்சி எடுக்கிற வழக்கம் அங்கே உண்டு, அது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் திரும்பி வரப்போகிறவர் நீங்கள். இங்கே கதை வேறு. மருத்துவச் சேமிப்புக்கு மெடிசேவ் 1984, காப்புறுதிக்கு மெடிஷீல்டு 1990, இல்லாதவர்களுக்கு உதவ மெடிஃபண்ட் 1993 என்று அடுக்கிய வீடு இது. 2023இல் நோய் வருமுன் காக்கும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்தபிறகு, அரசு மருத்துவமனைகளை நடத்தும் மூன்று சுகாதாரக் குழுமங்களுக்கும் அவரவர் வட்டாரத்தில் இருக்கிற தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. ஆளைக் கட்டிலுக்கே வராமல் பார்த்துக்கொண்டால்தான் கணக்கு நிற்கும். அதற்கு எம்.பி.எச்.சில் கட்டாயமாக வரும் நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் உதவும். கசக்கும், படியுங்கள். வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கலாம் என்பது இன்னொரு வசதி. வகுப்பில் கேட்டதை மறுநாள் வார்டில் வைத்துப் பார்க்கலாம்.

எம்.பி.ஏ. பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கணவரிடம் சொல்லுங்கள், அவர் வேண்டுமானால் படிக்கட்டும்.

எதில் சேர்ந்தாலும், சேருமுன் அந்தப் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். செய்முறைப் பயிற்சி என்று எத்தனை வாரம், அந்த வாரங்களில் மாணவர் எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். கூட்ட அறையில் பவர்பாயிண்ட் போடத்தானென்றால் வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறும்போது, வார்டு கவுண்டருக்குப் பக்கத்தில் நிற்க விடுவார்களா? அதைக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. அதற்குப்பிறகு ஆறு வருடம் இருந்தார். வீட்டில் தட்டு வைத்தால் கையை நீட்டுமுன் சுவரை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். "போர்டு எடுத்தாச்சா?" என்பார். எடுத்தாச்சும்மா, சாப்பிடுங்க என்பாள் என் மனைவி.

அன்புடன்,
நான்