கொலம்பைன் விதை முளைக்கவில்லையா? வேரை வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் வீட்டின் பின்புறம் மேப்பிள் மர நிழல். அங்கே சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும் கொலம்பைன் பூ வேண்டுமென்று இணையத்தில் விதை வாங்கினேன். மே மாதம் தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் போட்டேன். ஆறு வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. விற்றவர், காட்டில் எடுத்த வேர் அனுப்பட்டுமா என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கொலம்பைனுக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். தோண்டும்போது அது அறுந்துவிடும். தபாலில் வந்து சேரும் வேர் அழுகிவிடலாம். உங்களுக்குப் பணம் போகும், காட்டில் ஒரு செடி போகும். செடியாக வாங்குவதானால், நாற்றங்காலில் தொட்டியிலேயே வளர்த்ததுதானா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்கள் விதை செத்திருக்க வேண்டியதில்லை. இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். அரை அங்குல மண் அதை மறைத்துவிட்டது. காய்ந்த விதைக்கு ஈரக் குளிரும் வேண்டும். மே மாத மண்ணில் அது கிடைக்காது. தொட்டியைக் கொட்டாதீர்கள். மேல்மண்ணை மெல்லக் கிளறி, குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விடுங்கள். வசந்தத்தில் முளைக்க வாய்ப்புண்டு.

புதிதாக விதைப்பதானால் அக்டோபர் கடைசியில் மண்மேல் தூவி, கையால் அழுத்தினால் போதும். மண் போட்டு மூடவேண்டாம். வீட்டுக்குள் தொடங்க விரும்பினால், பிப்ரவரியில் ஈர மணலில் கலந்து, மூடிய பையில் குளிர்பதனப் பெட்டியில் 4 முதல் 8 வாரம் வையுங்கள், உறைய விடக்கூடாது. விதை நச்சுள்ளது, பையில் பெயர் எழுதுங்கள். பிறகு 18 முதல் 21 டிகிரி செல்சியஸில் மண்மேல் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும்.

ஒரு விலக்கு உண்டு; இதில்தான் பலர் குழம்புகிறார்கள். செடியிலிருந்து அப்போதே உதிர்ந்த விதைக்குக் குளிர் தேவைப்படாமலும் போகலாம். தெரிந்தவர் தோட்டத்தில் செடி இருந்தால், கோடையில் காய் பழுப்பாகி வாய் பிளக்கும்போது உள்ளே கறுப்பாக மினுங்கும் விதையைக் கொட்டி, அந்த வாரமே தூவுங்கள். ஒரு மாதம் அலமாரியில் கிடந்தால் அது புது விதை அல்ல, கடை விதை மாதிரிதான். பக்கத்தில் நீல ஐரோப்பிய வகை பூத்திருந்தால் மகரந்தம் கலந்து கலப்பின விதை ஆகிவிடலாம். தாய்ச்செடியின் நிறத்தை நம்பாதீர்கள்.

விதை உறையில் ‘அக்விலீஜியா கனடென்சிஸ்’ என்ற, இந்தச் சிவப்பு மஞ்சள் வகையின் அறிவியல் பெயரும் அறுவடை ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே ‘காட்டுப்பூக் கலவை’ என்றிருந்தால் வேண்டாம். இந்த இரண்டு விவரத்தையும் போடாமல் எத்தனையோ உறைகள் விற்கின்றன, யாரும் தட்டிக்கேட்பதில்லை. ஏமாறுவது முதன்முறை நடுகிறவர்கள்தான்.

மேப்பிளின் அடியில் வேர் அடர்ந்து மண் வறண்டிருக்கும். நிழலின் ஓரத்தில், காலை வெயில் படும் இடத்தில், நான்கு இலை விட்டதுமே நட்டுவிடுங்கள். பெரிதானபின் இடம் மாற்றினால் ஆணிவேர் தாங்காது. முதல் ஆண்டு இலை மட்டும் வரும். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில், பின்புறம் ஐந்து குழல் நீண்ட பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும்; குழல் நுனியிலுள்ள தேனுக்கு ஹம்மிங் பறவை வரும். இலையில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தால் உள்ளே புழு குடைகிறது என்று பொருள். அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள், மருந்து வேண்டாம்.