பதினைந்து வயதில் செய்தது, கைத்துப்பாக்கி லைசன்ஸுக்குத் தடையா?

கேள்வி: எனக்கு 23 வயது, அக்கா. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹூஸ்டன் பக்கம்தான். அப்பாவின் கடையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். கைத்துப்பாக்கி லைசன்ஸ் எடுக்க ஆசை. ஆனால் 15 வயதில் ஒரு நண்பனோடு சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரை அவருக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டேன். 2018 மார்ச்சில் சிறார் நீதிமன்றம் ஒரு வருடம் பிரொபேஷன் (கண்காணிப்புக் காலம்) போட்டது. ஒழுங்காக முடித்துவிட்டேன். “பதினெட்டு தாண்டினால் அதெல்லாம் அழிந்துவிடும், ஃபார்மில் எழுதாதே” என்கிறார் அப்பா. எழுதவா, வேண்டாமா? (பெயர் வேண்டாம், டெக்சஸ்)

பதில்: ஃபார்மை இப்போதைக்கு மூடி வையுங்கள், தம்பி. முதலில் 2018இல் நீதிமன்றம் கொடுத்த உத்தரவின் நகல் கையில் வர வேண்டும். வீட்டில் இல்லையென்றால், வழக்கு நடந்த கவுன்ட்டியின் நீதிமன்றக் கிளார்க்கிடமோ, சிறார் பிரொபேஷன் அலுவலகத்திலோ கேளுங்கள். மேலே உங்கள் பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகள் மட்டும் இருக்கலாம். குழம்ப வேண்டாம், வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, குற்றத்தின் தரம். டெக்சஸில் பூட்டிய காரை உடைத்து உள்ளே இருந்த பையைத் திருடினால் பொதுவாக கிளாஸ் ஏ மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வகை. காரையே ஓட்டிக்கொண்டு போனால் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, அதாவது பெருங்குற்ற வகை. உங்களுடையது இரண்டாவது வகைபோல் தெரிகிறது. ஆனாலும் பேச்சுவார்த்தையில் தரம் குறைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், உத்தரவில் உள்ளதுதான் கணக்கு. இரண்டாவது, நீங்கள் குற்றம் செய்ததாக நீதிபதி தீர்ப்பே எழுதினாரா, அல்லது டிஃபர்டு பிராசிக்யூஷன் என்று வழக்கை ஓரம் வைத்தார்களா? பிள்ளைகளும் பெற்றோரும் இரண்டையும் ‘பிரொபேஷன்’ என்றே சொல்வதால் இதில் எப்போதும் குழப்பம். டிஃபர்டு பிராசிக்யூஷனில் தீர்ப்பு என்பதே கிடையாது. மூன்றாவது, தீர்ப்பின் தேதி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறார் நீதிமன்றத் தீர்ப்பை டெக்சஸ் சட்டம் ‘கன்விக்‌ஷன்’ (குற்றத் தண்டனை) ஆக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பெரியவர்களின் ஃபெலனி போல அது ஆயுள் முழுக்கத் தொடராது. ஆனால் லைசன்ஸ் சட்டத்தில் தனியாக ஒரு நிபந்தனை இருக்கிறது: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 வருடங்களில் ஃபெலனி தரத்திலான சிறார் தீர்ப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிரொபேஷன் முடிந்த நாள் கணக்கில் வராது, தீர்ப்பு நாள்தான் வரும். உங்கள் உத்தரவில் ஃபெலனி என்று இருந்தால், சும்மா காத்திருந்தாலும் 2028 மார்ச் வரை போகும். மிஸ்டிமீனர் என்று இருந்தால் இந்த நிபந்தனை உங்களைத் தொடாது.

இப்போது அப்பா சொன்னதற்கு வருகிறேன். பதினெட்டில் எல்லாம் அழிந்துவிடும் என்பது நம் குடும்பங்களில் பலரும் நம்புகிற கதை. நம்பி ஏமாறுவதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. சின்னக் குற்றங்களின் ஆவணங்கள் குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு தானாக முத்திரையிடப்படும், அதாவது பிறர் பார்க்காதபடி மூடப்படும், உண்மைதான். ஃபெலனி தரத் தீர்ப்புக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்களே நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் ஃபார்மில் மறைத்தால், முக்கியமான உண்மையை மறைத்ததே லைசன்ஸ் மறுக்க ஒரு தனிக் காரணம். அதுவும் தகுதி எல்லாம் இருக்கிறது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மறைப்பது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்து கழித்த பழியைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நேர்வழி திறந்தே இருக்கிறது, காசும் இல்லை. ஆவணங்களை முத்திரையிடக் கோரும் மனுவை அதே சிறார் நீதிமன்றத்தில் போடுங்கள். மனுவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பெரியவரான பிறகு ஃபெலனி தண்டனை, நிலுவையில் வழக்கு எதுவும் இல்லையென்றால், 23 வயதில் நீங்கள் கேட்கலாம். விசாரணை இல்லாமலே நீதிபதி சம்மதிக்கலாம். மறுப்பதானால் விசாரணை வைத்தே ஆக வேண்டும். மனுவில் உங்கள் ஆவணம் இருக்கக்கூடிய எல்லா அலுவலகங்களையும் எழுதுங்கள்: பிடித்த போலீஸ், அரசு வழக்கறிஞர், பிரொபேஷன், டி.பி.எஸ். (லைசன்ஸ் தரும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை). பட்டியலில் உள்ள இடங்களுக்குத்தான் உத்தரவு போகும். இந்த ஒரு வேலைக்காவது சிறார் வழக்கு தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

உத்தரவு வந்துவிட்டால் அந்தத் தீர்ப்பு நடக்கவே இல்லை என்று சட்டம் பார்க்கிறது. லைசன்ஸ் விண்ணப்பம் உட்பட எதிலும் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அப்புறம் அப்பா சொன்னபடியே எழுதாமல் விடலாம்.

மற்றதெல்லாம் சுலபம்: 4 முதல் 6 மணி நேர வகுப்பு, சுடும் தேர்வு, கைரேகை, 40 டாலர். 2021 செப்டம்பர் முதல் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். சட்டம் தடுக்காத, 21 வயதான ஒருவருக்கு அது சரி. ஆனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கும். அங்கே மாநில லைசன்ஸ்தான் காப்பாற்றும். பல வெளி மாநிலங்களிலும் டெக்சஸ் லைசன்ஸை ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் நீங்கள் எடுக்க நினைப்பது நல்ல முடிவுதான்.

இதைப் படிக்கிற எச்-1பி, எஃப்-1 விசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சில விதிவிலக்குகள் தவிர நீங்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரின் லைசன்ஸைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

தம்பி, விண்ணப்பித்த பிறகு டி.பி.எஸ். மறுத்துக் கடிதம் அனுப்பினால், கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் விசாரணை கேளுங்கள். நாள் தவறினால் அந்த வாய்ப்பு போய்விடும். உறையின் மேலேயே வந்த தேதியை எழுதி வைத்துவிடுங்கள்.