கீசர் பாயின்ட்லயே ஹாட் அண்ட் கோல்டு ஏசி மாட்டிக்கலாமா?

கோத்தகிரில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். 90கள்ல கட்டின வீடு, அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டிருச்சு, மார்கழி தை குளிருக்கு இத்தனை வருஷம் ஆயில் ஹீட்டர் வச்சு ஓட்டியாச்சு, இந்த வருஷம் ஒன்றரை டன் ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கிட்டார். மாட்ட வந்தவர் பெட்ரூம் பக்கத்துல இருக்கற கீசர் பாயின்ட்டைப் பாத்துட்டு "இதுலயே எடுத்துக்கலாம் சார், இன்வெர்ட்டர் ஏசி கரன்ட்டே இழுக்காது"ன்னு சொல்றார். வீட்டு எலக்ட்ரீஷியன் அதெல்லாம் கூடவே கூடாது, மெயின் போர்டுல இருந்து 6 ஸ்கொயர் எம்எம் ஒயர் தனியா இழுத்து 32 ஆம்ப் எம்சிபி (கரன்ட் ஜாஸ்தியானா தானா விழற ஸ்விட்ச்) போடணும், எர்த்தும் புதுசா அடிக்கணும்னு பெரிய எஸ்டிமேட்டா குடுத்திருக்கார். யார் சொல்றது சரி, ஸ்டெபிலைசர் வேணுமா, கரன்ட் போனா வீட்டு யூபிஎஸ்ல ஓடுமா, இதான் கேள்வி.

எலக்ட்ரீஷியன் சொல்றதுதான் சரி, ஆனா முழுசா இல்ல. தனி லைன் கண்டிப்பா வேணும், எர்த் கண்டிப்பா பாக்கணும். 6 ஸ்கொயர் எம்எம்மும் 32 ஆம்ப்பும் தேவையில்ல, அதுலயும் அந்த 32 ஆம்ப் எம்சிபி தப்பு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல இந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு ஒரு நிமிஷம் பாத்துக்கங்க. ஹாட் அண்ட் கோல்டுன்னு விக்கறது எல்லாம் ஒண்ணு இல்ல. சிலதுல உள்ள ஒரு ஹீட்டர் காயில் இருக்கும், அது ஆயில் ஹீட்டர் மாதிரியே 2000 வாட் எடுத்து அவ்வளவு சூடுதான் குடுக்கும். நல்ல மெஷின்ல ஃபோர் வே வால்வு இருக்கும், கேஸ் ஓடற திசையைத் திருப்பி விட்டு வெளில இருக்கற காத்துல இருந்து சூட்டை உள்ள இழுத்துட்டு வரும், இதைத்தான் ஹீட் பம்ப்னு சொல்றாங்க. இதுல 1 யூனிட் கரன்ட்டுக்கு சுமாரா 3 யூனிட் சூடு கிடைக்கும், வெளில குளிர் ஏற ஏற இது குறையும். உங்க மாடல் எதுன்னு பின்னாடி ஸ்டிக்கர்ல ஹீட்டிங் கெப்பாசிட்டி எத்தனை வாட், ஹீட்டிங் இன்புட் எத்தனை வாட்னு ரெண்டு நம்பர் பாருங்க, முதல் நம்பர் ரெண்டாவதை விட மூணு மடங்கு கிட்ட இருந்தா ஹீட் பம்ப். அதே ஸ்டிக்கர்ல மேக்ஸிமம் கரன்ட்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, ஒன்றரை டன்னுக்கு பெரும்பாலும் 10, 11 ஆம்ப் பக்கத்துல இருக்கும். ஒயர் கணக்கு போட அந்த நம்பர்தான் வேணும், "ரன்னிங்ல 4 ஆம்ப்தான் சார்"னு சொல்றது இல்ல.

இப்போ கீசர் பாயின்ட்டுக்கு வருவோம். 90கள்ல கட்டின வீடுன்னா அந்த 15 ஆம்ப் பாயின்ட்டுக்கு 3/20 ஒயர்தான் போயிருக்கும், அதாவது இன்னைக்கு கணக்குல 2 ஸ்கொயர் எம்எம் கூட முழுசா வராது. கீசர் 2 கிலோவாட்னா அது 8.7 ஆம்ப். அது கூட ஏசி ஒரு 8 ஆம்ப் எடுத்தா மொத்தம் 16.7. "16 ஆம்ப் எம்சிபி இருக்கே, ஜாஸ்தியானா விழுந்துடுமே"ன்னு தோணும். விழாது. 16 ஆம்ப் எம்சிபி 18 ஆம்ப் வரைக்கும் மணிக்கணக்கா தாங்கணும்னுதான் அதை செஞ்சிருக்காங்க, 23 ஆம்ப் கிட்ட போனாதான் ஒரு மணி நேரத்துக்குள்ள கட்டாயம் ட்ரிப் ஆகும். அதனால 17 ஆம்ப்ல எம்சிபி கம்முனு இருக்கும், சுவத்துக்குள்ள ஒயர் சூடாகிட்டே இருக்கும். கோயமுத்தூர்லயாவது ஏசி ஓடற நேரத்துல யாரும் கீசர் போட மாட்டாங்க, உங்க ஊர்ல குளிருக்கு ராத்திரி பூரா இது ஓடும், விடிகாலைல அது கூடவே கீசரும் ஓடும், ரெண்டும் சேந்து ஓடறதுதான் அங்க வழக்கமே. இன்னும் பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியரே இருந்து அதுல யாராவது ரெண்டு மூணு இழையா முறுக்கி கட்டியிருந்தா அந்த பாதுகாப்பும் கிடையாது, அதை நான் சொல்லவே வேணாம்.

ஒயரை விட பிளக் மோசம். சாக்கெட் உள்ள பித்தளை கொஞ்சம் லூசாகி அந்த தொடுற இடத்துல அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துச்சுன்னு வைங்க, 8 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரே புள்ளில 32 வாட் சூடு, சால்டரிங் அயர்ன் ஒண்ணு சாக்கெட் உள்ள ராத்திரி பூரா ஆன்ல இருக்கற மாதிரி. பிளக் டாப் பழுப்பா நிறம் மாறி, ஒரு பின் மட்டும் கறுத்து, புடுங்கும்போது சாக்கெட்டோட ஒட்டிட்டு வர்றது எல்லாம் இதனாலதான். வெறும் 16 ஆம்ப் சாக்கெட்ல ஏசி வேணாம், ஏசி பாக்ஸ்னு கடைல கேட்டா மெட்டல் டைப்ல எம்சிபியோட வர்றது குடுப்பாங்க, அது போடுங்க, இல்லன்னா பிளக்கே இல்லாம டபுள் போல் ஐசொலேட்டர்ல (ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேத்து கட் பண்ற ஸ்விட்ச்) நேரா டெர்மினேட் பண்ணச் சொல்லுங்க.

சரி, தனி லைன் எப்படி. டிபில (மெயின் போர்டு) இருந்து ரூம் வரைக்கும் 18 மீட்டர்னு எழுதியிருக்கீங்க. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர்ல 10 ஆம்ப் ஓடினா 18 மீட்டருக்கு வோல்டேஜ் டிராப் வெறும் 2 வோல்ட். 6 போட்டா அது 1.3 ஆகும், அந்த 0.7 வோல்ட்டுக்காக அவ்வளவு காசு குடுக்க வேண்டியதில்ல. 4 ஸ்கொயர் எம்எம், ஐஎஸ்ஐ முத்திரை போட்ட எஃப்ஆர் (தீ சீக்கிரம் பரவாத) ஒயர், ஃபேஸ் ஒண்ணு நியூட்ரல் ஒண்ணு, எர்த்துக்கு பச்சை 2.5, நடுவுல எங்கயும் ஜாயின்ட் இல்லாம ஒரே ஓட்டமா. நியூட்ரலை பக்கத்து போர்டுல இருந்து எடுத்துக்கறேன்னு சொன்னா விடாதீங்க, ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்கு கசிஞ்சா லைனை கட் பண்ற ஸ்விட்ச்) போட்ட வீட்ல அதுதான் காரணமே தெரியாம ட்ரிப் ஆகறதுக்கு முதல் காரணம்.

எம்சிபி 20 ஆம்ப், சி கர்வ் (ஆன் ஆகற நொடில கொஞ்சம் ஜாஸ்தியா வர்ற கரன்ட்டுக்கு விழாத ரகம்). எம்சிபி இருக்கறது ஏசியைக் காப்பாத்த இல்ல, ஒயரையும் அதுக்கு அப்புறம் வர்ற சாமானையும் காப்பாத்த. 32 ஆம்ப் போட்டா 6 ஸ்கொயர் எம்எம் ஒயரை அது காப்பாத்தும், வாஸ்தவம்தான், ஆனா கீழ 20 ஆம்ப் பிளக்கும் அதை விட மெல்லிசான இன்டோர் அவுட்டோர் கேபிளும் இருக்கே, அதை யார் காப்பாத்தறது. மேனுவல்ல பிரேக்கர் சைஸ் போட்டிருந்தா அதுதான் கடைசி வார்த்தை, நான் சொல்றதும் இல்ல எலக்ட்ரீஷியன் சொல்றதும் இல்ல.

ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப் வீடு முழுக்க ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தா ஒரு தொந்தரவு வரும். இன்வெர்ட்டர் போர்டு உள்ள ஃபில்டர் கப்பாசிட்டர் இருக்கு, அது வழியா சாதாரணமாவே கொஞ்சம் கரன்ட் எர்த்துக்கு கசியும், வீட்ல கம்ப்யூட்டர், டிவி, வாஷிங் மெஷின் எல்லாம் கசியறது கூட இதுவும் சேந்தா ஒரு நாள் ஈரப்பதம் ஜாஸ்தியான ராத்திரில மொத்த வீடும் இருட்டாகும். உடனே யாராவது ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிடுவாங்க, இதுதான் நடக்கும். அதுக்குப் பதிலா மெயின் ஆர்சிசிபிக்கு முன்னாடியே லைனைப் பிரிச்சு ஏசிக்கு மட்டும் தனியா ஒரு ஆர்சிபிஓ (எம்சிபி, ஆர்சிசிபி ரெண்டும் ஒண்ணா இருக்கறது), 20 ஆம்ப், 30 மில்லி ஆம்ப், டைப் ஏ கேட்டு வாங்குங்க. கடைல சும்மா குடுக்கறது டைப் "AC"யா இருக்கும் (ஏர் கண்டிஷனர் இல்ல, அது ஆர்சிபிஓல ஒரு ரகத்தோட பேரு), இந்த மாதிரி எலக்ட்ரானிக் லோடுக்கு ஏ டைப்தான் ஒழுங்கா வேலை செய்யும்.

எர்த் விஷயத்துல எலக்ட்ரீஷியன் பக்கம்தான் நான். மலைல பாறை மண்ணு, தண்ணி நிக்காது, பங்குனி வரும்போது குழி காஞ்சு போயிருக்கும், முப்பது வருஷத்துக்கு முன்னாடி அடிச்ச பைப்பு துரு புடிச்சு பேருக்குத்தான் இருக்கும். மல்ட்டிமீட்டர்ல ஃபேஸ் டு எர்த் 230 காட்டறதை வச்சு "எர்த் நல்லா இருக்கு"ன்னு சொல்லிடாதீங்க, மீட்டர் இழுக்கற கரன்ட் ஒண்ணுமே இல்ல, மோசமான எர்த்தும் அதுக்கு 230 காட்டும். எர்த் டெஸ்டர் வச்சு அளந்து 5 ஓமுக்குள்ள கொண்டு வரச் சொல்லுங்க. இன்னொண்ணு, எர்த் சரியில்லாத வீட்ல சில பேர் சாக்கெட் உள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் லூப் பண்ணிடுவாங்க, மீட்டர்ல எல்லாம் அழகா காட்டும், ஆனா என்னைக்காவது நியூட்ரல் கட் ஆச்சுன்னா ஏசியோட இரும்பு பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும். சாக்கெட்டை ஒரு தடவை கழட்டி உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லிடுங்க. இடி மின்னல் ஊரு உங்களது, டிபில ஒரு டைப் 2 எஸ்பிடி (மின்னல்ல திடீர்னு ஏறற வோல்டேஜை எர்த்துக்கு விடற சாமான்) போட்டா நல்லது, ஆனா அதுவும் எர்த் இருந்தாதான் வேலை செய்யும்.

இன்டோர்ல இருந்து அவுட்டோருக்கு போற கேபிள்ல பெரும்பாலும் நாலு கோர். ஃபேஸ், நியூட்ரல், எர்த், நாலாவது சிக்னல். ரெண்டு யூனிட்டும் அந்த சிக்னல் ஒயர்ல பேசிக்குது, நிறைய மாடல்ல அதுக்கு நியூட்ரல்தான் ரிட்டர்ன், அதனால ஃபேஸையும் நியூட்ரலையும் மாத்திக் குடுத்தா லைட் எரியும் ஃபேன் சுத்தும் ஆனா ரெண்டு நிமிஷத்துல கம்யூனிகேஷன் எர்ரர் போட்டு நிக்கும், ஆளுங்க போர்டு போச்சுன்னு சொல்லிடுவாங்க. இங்க 1னா அங்க 1, இங்க 2ன்னா அங்க 2, கலரை நம்பாம நம்பரைப் பாத்து மாட்டணும். பைப் நீளம் பத்தலைன்னு கேபிளை நடுவுல வெட்டி டேப் சுத்தி ஜாயின்ட் போடறது கூடவே கூடாது. ஒயர் நுனில லக்கோ ஃபெரூலோ (நுனில மாட்டற உலோகத் தொப்பி) போட்டு அழுத்தி கிரிம்ப் பண்ணணும், வெளில போற கேபிள் அவுட்டோர்ல நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ இறங்கி மேல ஏறணும், அப்போதான் மழைத்தண்ணி கேபிள் வழியா டெர்மினல்ல போய் நிக்காது. குரங்கு வர்ற வீடுன்னா கேபிளை கான்ட்யூட் உள்ள விட்டுடுங்க, அதுங்களுக்கு தொங்கறது எதைப் பாத்தாலும் இழுத்துப் பாக்கணும்.

அவுட்டோர் பக்கத்துலயே கைக்கெட்டற தூரத்துல வெதர் ப்ரூஃப் ஐசொலேட்டர் ஒண்ணு இருக்கட்டும், சர்வீஸ் பண்றவர் உயிருக்கு அது நல்லது. ஆஃப் பண்ணின உடனே கவரைத் திறந்து போர்டைத் தொடக்கூடாது, உள்ள கப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல டிசி கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும்.

சமவெளில மாட்டறவங்க இங்க மறக்கற ஒரு விஷயம், ஹீட்டிங்ல ஓடும்போது தண்ணி சொட்டறது அவுட்டோர்ல. குளிர் ஜாஸ்தியானா அந்த காயில்ல ஐஸ் கட்டும், மெஷினே திசையை மாத்தி அதை உருக்கும், அஞ்சு பத்து நிமிஷம் உள்ள ஃபேன் நிக்கும், ரிப்பேர்னு நினைச்சு ஆஃப் பண்ண வேணாம். ஆனா அந்த தண்ணிக்கு டிரெயின் நிப்பிள் போட்டு பைப் விடணும், கீழ ஸ்விட்ச் போர்டோ ஈபி மீட்டரோ இருக்கற சுவத்துல அவுட்டோர் வைக்கக்கூடாது. நீங்க 1800 மீட்டர் பக்கத்துல இருக்கீங்க, பரவாயில்ல. ஊட்டி மாதிரி 2200 தாண்டின இடத்துல இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி மேனுவல்ல உயரத்துக்கு லிமிட் இருக்கான்னு பாக்கணும், எம்சிபி உட்பட நிறைய சாமானுக்கு ஸ்டாண்டர்டே 2000 மீட்டர் வரைக்கும்தான்.

ஸ்டெபிலைசர் வாங்கறதுக்கு முன்னாடி விடிகாலை எல்லார் வீட்லயும் கீசர் ஓடற நேரத்துல டிபில வோல்டேஜ் பாருங்க. மேனுவல்ல குடுத்திருக்கற ரேஞ்சுக்குள்ள இருந்தா வேணாம். 1500 வாட் எடுக்கற மெஷின் 230 வோல்ட்ல 6.5 ஆம்ப் இழுத்தா 160ல 9.4 இழுக்கும், இன்வெர்ட்டர் ஏசி வோல்டேஜ் குறைஞ்சா கரன்ட்டை ஏத்திக்கும், அதனாலதான் மேக்ஸிமம் கரன்ட் பாத்து ஒயர் போடச் சொன்னேன். ஒருவேளை வேணும்னா ஒன்றரை டன்னுக்கு 4 கேவிஏ போதும். வீட்டு யூபிஎஸ்ல ஓடாது, 1 கேவிஏவும் ஒரு பேட்டரியும் இதுக்கு ஆகற காரியம் இல்ல, அந்த லைனை யூபிஎஸ் பக்கம் கொண்டு போகவே வேணாம்.

ஈபி கார்டுல சாங்ஷன் லோடு எத்தனைன்னு பாத்து, கீசர், மோட்டார், இது எல்லாம் கூட்டி அதைத் தாண்டினா செக்ஷன் ஆபீஸ்ல அடிஷனல் லோடுக்கு எழுதிக் குடுத்துடுங்க. வேலையை ஒயர்மேன் லைசென்ஸ் இருக்கறவர் கைல குடுங்க. மாட்டி முடிச்ச அன்னைக்கு ஹீட்டிங்ல 30 டிகிரி வச்சு அரை மணி நேரம் ஓட்டி, கிளாம்ப் மீட்டர்ல கரன்ட்டும், டிபிலயும் ஏசி பாக்ஸ்லயும் ஒரே நேரத்துல வோல்டேஜும் பாக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல 3 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா எங்கயோ ஸ்க்ரூ லூசு, அதைக் கண்டுபுடிச்சு டைட் பண்ணின அப்புறம் மீதி காசைக் குடுங்க.