பத்து மணி நேரம் நின்ற காலுக்கு மியூசிக்கல் சேர் வேண்டாம்

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மொத்தம் 40 பேர், அதில் 28 பேர் பெண்கள். பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். எல்லார் முகமும் வாடியே இருக்கிறது. சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். உற்சாகம் வரட்டும் என்று ஒரு ஞாயிறு இரவு கடை அடைத்த பிறகு மியூசிக்கல் சேர், டான்ஸ் எல்லாம் வைத்தேன். கடனே என்று நின்றார்கள், பாதியில் கிளம்பியும் போனார்கள். எங்கே தப்பு? வேறு என்ன செய்யலாம்?

பதில்: நேரத்திலேயே தப்பு. கடை அடைக்கும்போது உங்கள் பணியாளர் மனதில் ஓடுவது கடைசி பஸ்தான். வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும், பிள்ளை தூங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தை எடுத்து நீங்கள் விருந்தே போட்டாலும் அவருக்கு அது ஓவர்டைம்தான். கேளிக்கை என்றால் கடை நேரத்தில் நடக்க வேண்டும், கடைக் காசில் நடக்க வேண்டும், ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்தால் அவரை யாரும் இழுக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் எளிய தாயக்கட்டம்கூடப் போதும்.

அடுத்தது கால். நாள் முழுக்க நின்றவருக்கு ஓடிப் பிடிக்கும் ஆட்டம் வைத்தால் உடம்பு ஒத்துழைக்காது. முதலில் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கவுன்டருக்குப் பின்னால் இருவருக்கு ஒன்று வீதம், சாய்மானம் உள்ள, ஒன்றரை அடி உயர ஸ்டூல் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது. சூப்பர்வைசர் பார்வைக்குப் பயந்து யாரும் உட்கார மாட்டார்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்று அவர் வாயாலேயே எல்லார் முன்பும் சொல்ல வையுங்கள், முதலில் அவரே உட்காரட்டும். சம்பளத் தேதி தள்ளிப்போகிறதா, சாப்பாட்டு நேரம் பாதியில் வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் புண் ஆறாமல் மேலே எது செய்தாலும் ஒட்டாது.

ஆட்டத்துக்கு நேரம் உங்கள் பில்லிலேயே இருக்கிறது. கடந்த மூன்று மாத பில்களை மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். முகூர்த்தமில்லாத வாரநாளில் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை ஈயாடுகிற ஒரு நாள் தெரியும். அந்த நாளில் 20 பேர் வீதம் இரண்டு செட், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். கடையை அடைக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை, தவறாமல். வருடத்துக்கு ஒரு பெரிய விழாவைவிட வாரம் 20 நிமிடத்துக்குத்தான் பலன் அதிகம். எதிர்பார்த்துக் காத்திருக்க ஒரு நாள் கிடைக்கிறது.

எல்லாம் உட்கார்ந்து ஆடுகிறவையாக இருக்கட்டும். பல்லாங்குழி நம் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்தது: 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை, இரண்டு பேர். ஆறேழு பலகை வாங்கிப் போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆடுபுலி ஆட்டத்துக்கு அட்டையில் கட்டம், 3 புலி, 15 ஆடு போதும்.

ஜவுளிக்கடைக்கென்றே ஒரு ஆட்டம் இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு துணியைத் தொட்டுச் சொல்வது. டேமேஜ் ஆன சரக்கிலிருந்து ஒரு சாண் சதுரத்தில் 10 துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள்: பருத்தி, லினன், பட்டு, கோரா, டசர், ஜார்ஜெட், கிரேப், ஷிஃபான், ரேயான், பாலியெஸ்டர். ஜரிகை, கரை வராமல் உடல் பகுதியிலிருந்து மட்டும் வெட்ட வேண்டும். ஜரிகை விரலில் பட்டதுமே ‘பட்டு’ என்று சொல்லிவிடுவார்கள், ஆட்டம் முடிந்துவிடும். புதுப் பருத்தியை ஒரு தடவை அலசிக் காயவைத்து வையுங்கள். கஞ்சி இருந்தால் விறைப்பில் லினன் மாதிரி ஏமாற்றும். துண்டுக்கு பத்து விநாடி. இந்த ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்: பெருவிரலும் ஆள்காட்டி விரலும் துணியை உருட்டும், பிறகு உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காதருகே கொண்டுபோவார்கள். நல்ல பட்டு கசக்கும்போது மெல்லச் சரசரக்கும்.

தனித்தனியாக வைத்தால் பழைய ஆட்களே ஜெயிப்பார்கள், புதிதாகச் சேர்ந்தவர் இரண்டாம் வாரமே ஒதுங்கிவிடுவார். அதனால் பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று ஜோடி கட்டுங்கள். புதியவர் தொட்டுச் சொல்ல வேண்டும், பழையவர் ஒரு தடவை மட்டும் திருத்தலாம். பத்து வருடம் புடவை செக்‌ஷனில் நின்ற கைக்கு இருக்கிற அறிவை நாம் யாரும் கைதட்டிப் பாராட்டுவதே இல்லை. அந்தக் கைதட்டல் இங்கே கிடைக்கும். பக்கத்திலேயே நெய்கிற திருபுவனம் பட்டின் விசிறி மடிப்பை இதே மாதிரி சொல்லிக்கொடுக்க வைக்கலாம். விற்பனைப் புடவையில் வேண்டாம், மடிப்பு கலைந்தால் யார் தலையில் விழும் என்ற பயத்தில் சிரிப்பு போய்விடும். பழைய புடவை போதும்.

ஒரு எச்சரிக்கை. சூப்பர்வைசர் நோட்டை எடுத்து மார்க் போட ஆரம்பித்தால் அது பரீட்சை. விற்பனை டார்கெட்டோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். பட்டு செக்‌ஷனில் நிற்பவர் ஒரு பில்லில் எடுப்பதை லுங்கி செக்‌ஷனில் நிற்பவர் ஒரு வாரத்திலும் எடுக்க முடியாது. கமிஷன் என்றால் தனியாகக் கமிஷனாகவே கொடுங்கள். பரிசு 100 ரூபாய்க்குள் எவர்சில்வர் டப்பா மாதிரி வீட்டுக்கு உதவும் பொருளாக இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரு கப் சுண்டல்: 40 பேருக்கு ஒன்றரை கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறவைத்தால் சரியாக வரும்.

போன் கேமராவை அன்று உள்ளே வையுங்கள். கடை விளம்பரத்துக்காகப் பெண்களை ஆடவைத்து ரீல்ஸ் போடுவது இப்போது பரவலாக இருக்கிறது. முதலாளி கேட்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? ஊரில் யாராவது பார்த்து வீட்டில் சொன்னால், வீட்டார் மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். சொல்லாமல் நின்றவர்களில் இப்படி யாரும் உண்டா என்று மெதுவாக விசாரியுங்கள். உருவத்தை, நிறத்தை, ஜாதியை, ஊர்ப் பேச்சை வைத்து மிமிக்ரி, பட்டப்பெயர் எதுவும் கூடாது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு பெண்ணைத் தலைவராகக் கொண்ட உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் வருடச் சட்டம். குழு இல்லையென்றால் ஆட்டத்துக்கு முன் அதை அமையுங்கள். ‘விளையாட்டாச் சொன்னேன்’ என்ற பேச்சு கிளம்புவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு கேக் வேண்டாம். மாதத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ, அந்த மாதம் பிறந்த எல்லாரும் சேர்ந்து வெட்டட்டும். இடம் சாப்பாட்டு அறைதான். முகத்தில் பூசி விளையாடுகிற கேக் க்ரீம் பட்டுப்புடவையில் பட்டால் கறை போகாது, காசு யார் கொடுப்பது என்று சண்டை வரும்.

பண்டிகைகளில் ஆடிப்பெருக்கை விட்டுவிடாதீர்கள். ஆடித் தள்ளுபடி கூட்டத்தில் அன்று காலை எல்லாரையும் சீக்கிரம் வரச்சொல்வதுதான் கடைகளின் வழக்கம். படித்துறைக்குப் போய் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டிய பெண்கள் வாசலில் நின்று புடவை எடுத்துக்காட்டுகிறார்கள். பாதிப் பேர் பதினொன்றரைக்கு வந்தால் போதும் என்று சொல்லுங்கள், மறு பாதிப் பேரை மாலை நாலு மணிக்கே விட்டுவிடுங்கள். மதியம் புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் கடைச் செலவில்: ஆளுக்கு 120 கிராம் கணக்கில் 40 பேருக்கு ஐந்து கிலோ அரிசி. தயிர்ச் சாதத்தில் பாலை அதிகம் விட்டுத் தயிரைக் குறையுங்கள், மதியத்துக்குள் புளிக்காது. ரம்ஜானுக்கு நோன்பு இருப்பவரை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் விடுவதும், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை அனுப்புவதும் இதே கணக்குதான்.

முதல் இரண்டு மூன்று வாரம் கூச்சமாகத்தான் இருப்பார்கள், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான்காவது வாரம் நீங்களும் சூப்பர்வைசரும் அந்த 20 நிமிடம் விற்பனைப் பகுதியிலேயே இருந்துவிடுங்கள். ஆட்டம் நடக்கும் இடத்தில் பல்லாங்குழிப் பலகையை அவர்களே எடுத்து வைத்துக் காய் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பிறகு போய்ப் பாருங்கள். பலகை எடுக்காமல் இருந்தால், ஆட்டத்தை மாற்றுவதற்கு முன் மூத்த பணியாளர் ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். ‘20 நிமிஷம் சும்மா படுத்திருக்கணும்’ என்று பதில் வந்தால், ஒரு பாயும் மின்விசிறியும் வாங்கிப் போடுங்கள்.