பதிவின் நடுவே யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் நின்றால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நிகழ்ச்சி பாதியில் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) கட்டாகிவிடுகிறது. இரண்டு கண்டென்சர் மைக், ஹப் வழியாக லேப்டாப். பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் சத்தத்தின் அளவு) கூட்டிப் பார்த்தும் பலனில்லை.

பதில்: பஃபர் போதாவிட்டால் சத்தம் பொட்டு பொட்டென்று உடையும், சாதனம் காணாமல் போகாது. அடுத்த முறை கட்டாகும்போது இன்டர்ஃபேஸின் விளக்கைப் பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் கரன்டோ கேபிளோதான் காரணம். விளக்கு எரிய, மென்பொருளில் மட்டும் சாதனம் மறைந்தால் டிரைவரையும் விண்டோஸின் பவர் செட்டிங்கையும் பார்க்க வேண்டும்.

உங்களுடையது முதல் வகையாகத்தான் தெரிகிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். ஃபான்டம் பவரில், அதாவது மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் தரும் மின்சாரத்தில், ஒரு மைக் 5 மில்லி ஆம்பியர் இழுத்தாலும், அது 48 வோல்ட்டில். 5 வோல்ட் பக்கம் கணக்கிட்டால் 48 மில்லி ஆம்பியர், மாற்றும்போது ஆகும் இழப்பு தனி. அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸும் டிஸ்க்கும் அதே 500-ஐப் பங்குபோடும். ஹப்பைக் கழற்றி நேராகச் செருகுங்கள், அல்லது சொந்த அடாப்டர் உள்ள ஹப் வையுங்கள். கேபிள் 2 மீட்டருக்குள் இருக்கட்டும். பதிவு ஓடும்போது பிளக்கை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு சிமிட்டினால் கேபிளை மாற்றிவிட்டுத்தான் மேடைக்குப் போக வேண்டும்.

எதுவானாலும் தனி ரெக்கார்டர் ஒன்று இணையாக ஓடட்டும்.

கேள்வி: எனக்கு விளக்கு எரிகிறது, சாதனம்தான் மறைகிறது. விண்டோஸ்.

பதில்: பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும், மின்சாரம் சேமிக்க சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரையே (ஒலிப்பதிவுக்கான டிரைவர்) போடுங்கள்.

கேள்வி: பஃபர் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: டைரக்ட் மானிட்டரில், அதாவது லேப்டாப்புக்குப் போய் வராமல் இன்டர்ஃபேஸிலிருந்தே கேட்டால் 512 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 10.7 மில்லி செகண்ட். பாடுபவர் காதுக்கு அந்தத் தாமதம் போகப்போவதில்லை. மென்பொருள் வழியாகக் கேட்டால் 128.

கேள்வி: 8 சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒரே வேவ் ஃபைல். ஒரு மணி நேரம் தாண்டியதும் நின்றுவிடுகிறது.

பதில்: இன்டர்ஃபேஸ் மேல் தவறில்லை. நொடிக்கு 11,52,000 பைட் எழுதுகிறீர்கள். சாதாரண வேவ் ஃபைலின் 4 ஜிபி வரம்பு சுமார் 62 நிமிடத்தில் முட்டும். 4 ஜிபியைத் தாண்டும் வேவ் வடிவமான ஆர்எஃப்64-ல் எழுதுங்கள், அல்லது சேனலுக்கொரு ஃபைல். டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனதென்றால் அதையும் மாற்றுங்கள், அதற்கும் 4 ஜிபிதான் எல்லை.

கேள்வி: லேப்டாப்புக்கு சார்ஜர் போட்டால் ஹம் (ம்ம் என்ற இரைச்சல்). எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடுகிறது, அப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. உள்ளே ஒயர் கசிந்தால் கரன்ட் எர்த் வழியாகப் போய் பிரேக்கர் விழ வேண்டும். பின் இல்லையென்றால் இன்டர்ஃபேஸின் உலோக உடல், கேபிளின் ஷீல்டு, மைக்கின் வலை வரை கரன்ட் ஏறி நிற்கும். பாடகரின் உதடு அதில்தான் படும்.

கேள்வி: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பின் சார்ஜர்களும் விற்கிறார்களே, பலரும் எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

பதில்: இரண்டு பின் சார்ஜருக்கு உள்ளே இரட்டை இன்சுலேஷன் உண்டு, எர்த்தை நம்பாமல் கட்டியது. மூன்று பின் சார்ஜர் எர்த்தை நம்பிக் கட்டியது. இரண்டும் ஒன்றல்ல. ஹம்மை சிக்னல் பக்கம் வெட்டுங்கள்: முதலில் பேட்டரியில் ஓட்டி, சார்ஜர்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள். பிறகு மிக்ஸரும் லேப்டாப்பும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில், நடுவில் பேலன்ஸ்டு கேபிள் (இரைச்சலைக் கழிக்க இரண்டு சிக்னல் ஒயரும் ஷீல்டும் உள்ளது). அதற்கும் போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸில் (சிக்னல் கேபிளுக்கு நடுவே வைக்கும் சிறு பெட்டி) கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச். அது ஷீல்டை மட்டும் துண்டிக்கும், மின் எர்த்தைத் தொடாது.

கேள்வி: ஆனால் சின்ன நிகழ்ச்சிக்கு, ஒரே ஒருநாள்...

பதில்: ஒருநாளுக்கும் கூடாது. இதில் இனி பேச்சில்லை.

கேள்வி: பஃபர் 1024 வைத்தால் கட்டாவது நிற்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். விளக்கைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

கேள்வி: பதிவு மெதுவாக ஓடுகிறது, சுருதியும் இறங்கியிருக்கிறது.

பதில்: 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 44.1 புராஜெக்டில் திறந்திருக்கிறீர்கள். புராஜெக்டை 48-க்கு மாற்றுங்கள், பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

பதில்: இந்தப் பகுதியில் பழுது மட்டும். வாங்கும்போது தனி டிசி சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் செருகினால் கரன்டுக்கு லேப்டாப்பை நம்ப வேண்டியதில்லை. ரெக்கார்டர் அப்போதும் இணையாக ஓடட்டும்.