மூணு மணிக்கு ஜானி யாரைத் தேடுது?

கேள்வி:

அக்கா, நாங்க முப்பது வருஷமா காசிமேட்டுல இருந்த குடும்பம். பசங்க படிப்புக்காக மாதவரத்துல ஃப்ளாட் வாங்கி, ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடணும்னு அவசர அவசரமா வந்துட்டோம். மூணாவது மாடி. எங்க நாய் ஜானிக்கு ஒம்போது வயசு, நாட்டு நாய். மிக்ஜாம் புயலப்போ வீட்டுக்குள்ள தண்ணி வந்து நாங்கல்லாம் கட்டில் மேல ஏறி உக்காந்தப்போ அதுவும் எங்க நடுவுலதான் உக்காந்திருந்துச்சு. இங்க வந்து மூணு வாரமாச்சு, சரியா சாப்பிடல, புது சோஃபா மேல ஒண்ணுக்குப் போயிடுச்சு, ஹால்ல நடக்கவே மாட்டேங்குது, லிஃப்ட்ட பாத்தா நடுங்குது, டெய்லி ராத்திரி மூணு மணிக்கு எழுந்து கதவைப் பிராண்டி ஊளை விடுது. பக்கத்து ஃப்ளாட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க, செக்ரட்டரி லிஃப்ட்ல நாய ஏத்தக்கூடாதுன்னுட்டார். அத்தை மீன் யாவாரத்த விட முடியாதுன்னு காசிமேட்டுலயே கொழுந்தனார் வீட்ல தங்கிட்டதால பகல்ல பாத்துக்கவும் ஆளில்ல, அந்த வீட்டு ஓனரோ நாய் வேணாம்னுட்டார். பழைய தெருவுலயே விட்டுட்டா அங்க யாராவது சோறு போடுவாங்கன்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரல. என்ன பண்றது?

- பெயர் வேண்டாம், மாதவரம்

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு வாட்டி படிச்சேன். மொத வாட்டி சோஃபா, லிஃப்ட், செக்ரட்டரி இதுங்கதான் தெரிஞ்சுது. அடுத்த வாட்டிதான் கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்களே, அத்தை உங்ககூட வரலன்னு, அங்க நின்னுட்டேன். பகல்ல பாத்துக்க ஆளில்லன்னு சொல்றதுக்காக நீங்க அத எழுதியிருக்கீங்க. ஜானிக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா அதுதான் மொத வரியா வந்திருக்கும்.

மூணு மணின்றது காசிமேட்டுக்காரங்களுக்கு என்ன நேரம்னு நான் சொல்லணுமாம்மா? மீன் ஏலத்துக்குக் கெளம்புற நேரம். அத்தை எழுந்து லைட்டு கூட போடாம மூஞ்சி கழுவிட்டு அன்னக்கூடைய தூக்கிட்டு தாழ்ப்பாள தொறந்தா ஜானிதான் கூட எழுந்திருக்கும், தெருமுனைல ஆட்டோ ஏறற வரைக்கும் போய் விட்டுட்டு வந்து மறுபடி படுத்திருக்கும், நீங்கல்லாம் நல்லா தூங்கிட்டு இருந்திருப்பீங்க. இது என் யூகம்தான், அத்தைக்கு ஒரு போன் போட்டு கேட்டுப் பாருங்க. இன்னொண்ணும் கேளுங்க, மீன்பிடித் தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் அந்த 61 நாள் விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகாதப்போ, ஜானி மூணு மணிக்கு எழுந்துச்சான்னு. எனக்கென்னவோ எழுந்திருக்காதுன்னுதான் தோணுது, அத்தை தூங்குனா அதுக்கும் லீவு.

நாய்ங்க தலை எண்ணும்மா. நாய் வளத்தவங்க எல்லாருக்கும் தெரியும், ராத்திரி யாராவது ஒருத்தர் வீடு திரும்பலன்னா அது படுக்காது, படுத்தாலும் கதவப் பாத்துதான் படுக்கும். நமக்கு அத்தை எங்க இருக்காங்கன்னு தெரியும், எப்ப வேணா போன் பண்ணலாம், போனவாரம் யார்கிட்ட சண்டை போட்டாங்கன்றது வரைக்கும் தெரியும். அதுக்கு என்ன தெரியும்? ஒருநாள் வீட்ல இருந்த சாமானெல்லாம் தெருவுக்கு வந்துச்சு, பீரோவ நாலு பேர் தூக்குனாங்க, அடுப்ப கழட்டுனாங்க, எல்லாரும் கத்திக்கிட்டே இருந்தாங்க, அதுக்கு முன்னாடி இப்படி சாமான் ஏறி எறங்குனத அது பாத்தது புயல் வெள்ளத்துலதான். அப்பவும் எல்லாரும் ஒரே கட்டில்ல இருந்தாங்க. இந்தத் தடவ டெம்போல ஏறி எறங்கிப் பாத்தா தலை ஒண்ணு கொறையுது. விட்டுட்டு வந்துட்டாங்கன்னு நெனைக்குமா, தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னு நெனைக்குமா, நமக்குத் தெரியாது, ஆனா தேடும். மூணு மணிக்கு அது கதவப் பிராண்டுறது வெளிய போய் விளையாட இல்ல, ட்யூட்டிக்கு லேட்டாவுதுன்னு.

எங்க கதைய சொல்றேன். எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும், பழைய வண்ணாரப்பேட்டைலேர்ந்து பெரம்பூருக்கு வீடு மாத்துனோம், அப்பல்லாம் ஏது பேக்கர்ஸ், ரெண்டு மீன்பாடி வண்டி பேசி அதுல பீரோ, கட்டில், ஆட்டுக்கல்லு எல்லாம் ஏத்தி, எங்க நாய் கருப்பன் சாமான் மேல ராஜா மாதிரி குந்திக்கிட்டு வந்தான், வழியெல்லாம் எல்லாரும் பாத்து சிரிச்சாங்க. மூணாம் நாள் காலைல ஆளக் காணோம். எங்கம்மா அழுவுறாங்க, எங்கப்பா சைக்கிள எடுத்துட்டு வியாசர்பாடி பூரா சுத்துறார். கடைசில பழைய தெருவுல இஸ்திரி போடுறவர்தான் சொல்லியனுப்புனார், உங்க கருப்பன் இங்க பூட்டுன வீட்டுத் திண்ணைல படுத்துக்கெடக்கான்னு. ரயில்வே சப்வே, லாரி, ஊர்பட்ட தெரு நாய்ங்க, எல்லாத்தையும் தாண்டிப் போயிருக்கான். எங்கப்பா அவனக் கூட்டிட்டு வந்தாரு, மறுபடி ஓடுனான், மறுபடி கூட்டிட்டு வந்தாரு. ரெண்டாவது வாட்டி திண்ணைக்குக் கீழ சுருட்டிக் கெடந்த அவனோட சாக்கையும் சேத்து எடுத்துட்டு வந்தாரு, கிழிஞ்ச கோணி அது, புது வீட்டுக்கு எதுக்குன்னு எங்கம்மா விட்டுட்டு வந்தது. அதுல படுத்தவன் அப்புறம் எங்கயும் போகல.

சின்ன வயசுல எனக்கு அது மேஜிக் மாதிரி இருந்துச்சு. இப்ப யோசிச்சா இதுல மேஜிக்கே இல்ல. நம்ம மூக்குல வாசனை புடிக்கற செல்லு அம்பது அறுபது லட்சம்னா நாய் மூக்குல இருபது முப்பது கோடி. நம்ம புது வீட்டுல பெயின்ட்டு கலரப் பாக்குறோம், டைல்ஸ் டிசைனப் பாக்குறோம், அதுக்கு சிவப்பும் பச்சையும் சரியா பிரிச்சுக்கூடத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் ஓரளவுக்குத் தெரியும். அது வீடுன்னு சொல்றது வாசனைய. காசிமேட்டுல உப்புக்காத்து, ஐஸ், டீசல், கருவாடு, அத்தை புடவைல மீன் வாசனை, இதெல்லாம் சேந்ததுதான் வீடு. உங்க புது ஃப்ளாட்டுல சிமென்ட்டும் பெயின்ட்டும்தான் அடிக்கும், அதுக்கு அது ஆள் குடியில்லாத எடம் மாதிரி. சோஃபா மேல போனது உங்க மேல இருக்கற கோவத்துல இல்ல, அது பயம், இல்லன்னா இது எங்க எடம்னு எழுதி வெக்கிறது, இல்லன்னா பாவம் அடக்க முடியல. பழைய வீட்ல நெனைச்சப்போ வெளிய போய் வந்த நாய் இப்ப மூணு மாடி எறங்கறதுக்கு உங்க டைமுக்குக் காத்திருக்கணுமே. ஒரு நாளைக்கு நாலு தடவயாவது கீழ கூட்டிட்டுப் போங்க. சோஃபாவ வினிகர் கலந்த தண்ணியில துடைங்க, பினாயில ஊத்தி ஊத்தி கழுவாதீங்க, அதுக்கு நல்லதும் இல்ல, கொஞ்சநஞ்சம் சேந்திருக்கற உங்க வாசனையும் போயிடும்.

ஹால்ல நடக்காததுக்கு நீங்க பெருசா கவலப்படுறீங்க, அது மனசு சம்பந்தமாவே இல்லாம இருக்கலாம். வழவழன்னு டைல்ஸ் போட்டிருப்பீங்க, சிமென்ட் தரைல ஒம்போது வருஷம் நடந்த நாய்க்கு அதுல கால் வழுக்கும், ஒரு தடவ சறுக்கி விழுந்தா அப்புறம் அந்தப் பக்கமே வராது. கதவுலேர்ந்து அது சாப்பிடுற எடம் வரைக்கும் ரப்பர் மேட்டோ பழைய கால்மிதியோ வரிசையா போட்டுப் பாருங்க, நகத்தையும் வெட்டி விடுங்க. ஒரே நாள்ல நடந்தாலும் நடக்கும்.

லிஃப்ட் கதையே வேற. அது கண்ணால பாருங்களேன், ஒரு சின்ன ரூமுக்குள்ள போய் நிக்கறாங்க, கதவு மூடுது, தரை ஆடுது, கதவு தொறந்தா வேற ஊரு. சாவு மோளத்துக்கும் பட்டாசுக்கும் நடுவுல வளந்த வடசென்னை நாய் இதுக்கு நடுங்குதேன்னு சிரிக்காதீங்க. ஆள் இல்லாத நேரமா பாத்து கதவு தொறந்து வெச்சு உள்ள நிக்க வெச்சு ஒரு பிஸ்கட், அவ்ளோதான், வெளிய வந்துடுங்க. நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு மாடி மட்டும். தரதரன்னு இழுத்துட்டுப் போனீங்கன்னா ஜென்மத்துக்கும் ஏறாது. ஒம்போது வயசுல டெய்லி நாலு தடவ மாடிப்படி ஏறி எறங்கறது மூட்டுக்கு நல்லதில்ல, அதனால லிஃப்ட் பழகித்தான் ஆவணும்.

அதுக்கு உங்க செக்ரட்டரிகிட்ட பேசணும். கத்தாதீங்க, ஒரு பேப்பர் போதும். விலங்குகள் நல வாரியம் 2015லயே தெளிவா வழிகாட்டுதல் குடுத்திருக்கு, அசோசியேஷன் மெஜாரிட்டி ஓட்டுப் போட்டாகூட வளர்ப்பு நாய் வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்ல முடியாது, லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. பிரிண்ட் எடுத்து மரியாதையா குடுங்க. அந்த வாரியமே நம்ம சென்னைல 1962ல ருக்மிணி தேவி அருண்டேல் ஆரம்பிச்சதுதான், அதுவும் பின்னாடி ஹரியானாவுக்கு வீடு மாத்திட்டுப் போயிடுச்சு, அத விடுங்க. நீங்க உங்க பக்கம் சரியா இருக்கணும், சங்கிலி இல்லாம கூட்டிட்டுப் போகக்கூடாது, அது போறத நீங்கதான் அள்ளணும், வெறிநாய் ஊசி வருஷா வருஷம் போட்டிருக்கணும், கார்ப்பரேஷன் லைசென்ஸ் இருந்தா புது அட்ரஸ் மாத்துங்க, இல்லன்னா எடுங்க, மைக்ரோசிப்பும் போட்டுடுங்க. கழுத்துப் பட்டைல உங்க போன் நம்பர இன்னிக்கே எழுதுங்க. எங்க கருப்பன் காலம் இல்ல இது, ஜானி கதவு இடுக்குல நழுவி காசிமேட்டுக்கு நடக்க ஆரம்பிச்சா மூலக்கடைலேர்ந்து ஹார்பர் வரைக்கும் கன்டெய்னர் லாரிதான்.

சாப்பாடு. நீங்க எழுதல, ஆனா நான் பந்தயம் கட்டுறேன், ஃப்ளாட்டுல மீன் நாத்தம்னு யாராவது சொல்லியிருப்பாங்க, நீங்களும் அதே வாரத்துல சங்கரா தலை போட்டு வேக வெச்ச சோத்த நிறுத்திட்டு கடைல விக்கிற தீவனத்துக்கு மாத்தியிருப்பீங்க. வீடும் மாறி, ஆளும் மாறி, சோறும் மாறுனா நானும்தான் சாப்பிட மாட்டேன். பழைய சோறே போடுங்க, முள்ள மட்டும் எடுத்துட்டு. மாத்தித்தான் ஆகணும்னா ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. ஆனா ஒண்ணு, சுத்தமா ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தாலோ, வாந்தி, காய்ச்சல்னாலோ மனக்கவலைன்னு சும்மா இருக்காதீங்க, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இந்த வயசுல எதுக்கும் ஒரு தடவ காட்டிடறது நல்லதுதான்.

இப்ப மூணு மணி. திட்டாதீங்க, அடிக்காதீங்க, கத்துறப்ப பிஸ்கட்டும் போடாதீங்க, கத்துனா பிஸ்கட்னு புரிஞ்சுக்கும். தெருவுல விட்டுடலாம்னு சொன்ன உங்க வீட்டுக்காரர்கிட்டயே இந்த வேலையக் குடுங்க. ரெண்டே முக்காலுக்கு அலாரம், அது ஊளை விடறதுக்கு முன்னாடியே எழுந்து கீழ கூட்டிட்டுப் போய் கேட்டு வரைக்கும் ஒரு நடை, வந்து படுக்க வேண்டியது. நாலு நாளைக்கு ஒருதரம் கால் மணி கால் மணியா தள்ளிக்கிட்டே போனா ஒரு மாசம் சொச்சத்துல அஞ்சு மணிக்கு வந்து நிக்கும், அவருக்கும் வாக்கிங் போன மாதிரி. தத்தெடுத்த நாய்ங்களுக்கு மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, மூணு நாள் மெரளும், மூணு வாரத்துல பழகும், மூணு மாசத்துல நம்ம வீடுன்னு நெனைக்கும்னு. உங்களுக்கு இப்பதான் மூணு வாரம்.

தெருவுல விடுற பேச்சு மட்டும் வேணாம். சட்டத்துலயும், 1960ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, பசி தாகத்துல தவிக்க விடுற மாதிரி கைவிடறது குத்தம். அத விடுங்க, பூட்டுன கதவு முன்னாடி அது உக்காந்திருக்கறத யாராவது போட்டோ எடுத்து அனுப்புனா உங்க வீட்டுக்காரராலயே தாங்க முடியாது, எங்கப்பாவும் மொதல்ல அப்படித்தான் பேசுனார்.

அத்தைய வாரத்துக்கு ஒரு தடவயாவது வரச் சொல்லுங்க, ஒரே கெழமைல. ஞாயித்துக்கெழம பெரிய யாவாரம், முடிச்ச கையோட மத்தியானம் வந்து ராத்திரி தங்கி, காலைல மூணு மணிக்கு இங்கேர்ந்தே கெளம்பட்டும், ஜானி கேட்டு வரைக்கும் போய் ஆட்டோ ஏத்தி விட்டுட்டு வரட்டும். போறவங்க வருவாங்கன்னு அது தெரிஞ்சுக்கணும், அதுக்கு நாலஞ்சு ஞாயிறு ஆவும். வரும்போது குளிச்சிட்டு வராதீங்க அத்தைன்னு சொல்லுங்க, சிரிப்பாங்க, பரவாயில்ல. வீடியோ கால்ல காட்டாதீங்க, குரல் வருது ஆளக் காணோம்னா இன்னும் தேடும்.

அப்புறம், பழைய வீட்ல ஜானி எதுல படுத்துக்கிட்டு இருந்துச்சு? நாறுதுன்னு அத தூக்கிப் போட்டுட்டு புது மெத்தை வாங்கிட்டீங்கன்னா, இன்னிக்கு சாயந்திரமே யாரையாவது அனுப்பி அத்தையோட பழைய புடவை ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. துவைக்காம.