ஸ்ட்ராட்ஃபோர்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்மிங்காமில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். போன வாரம் ஸ்ட்ராட்ஃபோர்ட் போய் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்தோம். அவர் தொட்டது என்று ஒரு பொருள்கூட இல்லை. எல்லாம் அந்தக் காலத்துக் கட்டில், அந்தக் காலத்து மேசை. ஏமாற்றமாகிவிட்டது. கையுறை தைப்பவர் மகனா இத்தனையும் எழுதினார் என்று மாப்பிள்ளை வேறு கேட்டார். என்ன பதில் சொல்வது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் பார்த்த அந்த ஹென்லி தெரு வீட்டைப் பொதுமக்கள் பணம் திரட்டி ஏலத்தில் வாங்கியதே 1847இல்தான். அதற்கு முன் அதில் ஒரு பகுதி விடுதியாகவும் ஒரு பகுதி இறைச்சிக்கடையாகவும் இருந்தது. அவருடைய பொருள் எப்படி மிஞ்சும்? மகள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானே, இன்னொரு முறை போய் வாருங்கள். இந்த முறை நேராக சர்ச் தெருவில் இருக்கும் கில்டு மண்டபத்துக்கு, அதாவது பழைய ஊர்ச்சபைக் கட்டிடத்துக்குப் போங்கள்.

மாடியில் நீளமான பள்ளி அறை, தலைக்கு மேல் கருத்த ஓக் உத்திரங்கள். அந்தக் காலத்து மாணவர் பதிவேடு எஞ்சவில்லை. ஆனால் ஷேக்ஸ்பியரைப் போல ஊர்ச்சபை உறுப்பினரின் மகன் கட்டணமில்லாமல் படிக்கக்கூடிய பள்ளி இதுதான், அவர் வேறெங்கும் படித்திருக்கக் காரணமே இல்லை. விடிந்ததும் தொடங்கி சாயங்காலம் வரை லத்தீன். மனப்பாடம், மொழிபெயர்ப்பு, பழைய கதாபாத்திரத்தின் குரலில் பேசிக் காட்டும் பயிற்சி. நாடகக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் ஒரு பையன் கையில் லத்தீன் கவிஞர் ஓவிடின் 'மெட்டமார்ஃபசஸ்' புத்தகம் மேடைக்கே வந்துவிடுகிறது. அந்த ஓவிட் பள்ளிக்கூடத்து ஓவிட்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கீழ்த்தளத்தையும் நிதானமாகப் பாருங்கள். 1568–69இல் ஊர்த்தலைவராக இருந்தவர் அந்தக் கையுறைக்காரர் ஜான் ஷேக்ஸ்பியர். அந்த வருடம் இரண்டு நாடகக் குழுக்களுக்கு ஊர்ப்பணத்திலிருந்து கூலி கொடுத்த கணக்கு இருக்கிறது. பையனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. வந்த குழுக்கள் ஆடிய இடம் இந்தக் கீழ்மண்டபம்.

மாப்பிள்ளையிடம் உயிலைப் பற்றியும் சொல்லுங்கள். 1616இல் எழுதிய உயிலில் எல்லோருக்கும் தெரிந்தது மனைவிக்கு விட்ட 'இரண்டாவது நல்ல கட்டில்'தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரி. பர்பேஜ், ஹெமிங்ஸ், கான்டெல் என்று மூன்று லண்டன் நடிகர்களை 'என் சகாக்கள்' என்று சொல்லி, மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதிவைக்கிறார். அவர்களில் ஹெமிங்ஸும் கான்டெலும்தான் 1623இல் அவருடைய நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதில் 'மேக்பெத்' உட்பட சுமார் பாதி நாடகங்கள் அதுவரை அச்சேறாதவை. அப்புறம், அதே தொகுப்பின் முன்பக்கப் பாடல் ஒன்று அவருடைய 'ஸ்ட்ராட்ஃபோர்ட் நினைவுச்சின்னம்' பற்றிப் பேசுகிறது. ஊர்க்காரரும் நாடகக்காரரும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

அந்தச் சின்னம் ஆற்றோரத்து ஹோலி டிரினிடி தேவாலயத்தில், சுவரில் இருக்கிறது. கையில் இறகுப் பேனாவுடன் மார்பளவுச் சிலை. கீழே கல்லறைக் கல்லில் பெயர்கூட இல்லை, எலும்பை நகர்த்துபவனைச் சபிக்கும் நான்கு வரிகள் மட்டும். 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்ததும் இதே கோயிலில்தான். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூலையில் அடக்கப் பதிவேட்டில் 'இங்கே கொள்ளைநோய் தொடங்கியது' என்று லத்தீனில் குறித்திருக்கிறார்கள். குழந்தை பிழைத்ததே பெரிய விஷயம். 1596இல் அவருடைய 11 வயது மகன் ஹாம்னெட்டையும் இந்த ஊரில்தான் புதைத்தார்கள். அந்த இடத்துக்கு அடையாளம் இல்லை.

நேரமிருந்தால் சாயங்காலம் ராயல் ஷேக்ஸ்பியர் நாடக அரங்குக்குப் போங்கள். மேடையின் மூன்று பக்கமும் பார்வையாளர்கள் உட்காரும் அமைப்பு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளைக்கும் சேர்த்து.